வீட்டுக் கணினிக்கு ரேன்சம்வேர் தடுப்பு மென்பொருள்: வாங்கும் முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நிரல்தான் ரேன்சம்வேர். அதில் ‘ஸ்டாப் டிஜேவியூ’ என்ற வகை பெரிய நிறுவனங்களைத் தேடிப் போவதில்லை. அதன் இலக்கு வீட்டுக் கணினிகள்தான். விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருளின் கிராக்கை, அதாவது காசில்லாமல் ஓடவைக்கும் திருட்டு வழியைத் தேடுகிறார் ஒருவர். பாஸ்வேர்டு போட்ட ஒரு ஜிப் ஃபைல் கிடைக்கிறது. பாஸ்வேர்டு இருப்பதால் ஆன்டிவைரஸ் அதன் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. கூடவே ஒரு குறிப்பு: ‘இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்.’ அவரும் அப்படியே செய்து டபுள் கிளிக் செய்கிறார். விண்டோஸ் அப்டேட் நடப்பது போல ஒரு சிறு விண்டோ திறந்து, சதவீதம் மெல்ல ஏறுகிறது. ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படி ஓடுகிறது என்ற சந்தேகம் வராமல் இருக்க அந்த நாடகம்.

பின்னால் நடப்பது வேறு. ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும் அது பூட்டுகிறது. முழு ஃபைலையும் பூட்டினால் நேரமாகும். தொடக்கம் சிதைந்தாலே போட்டோ திறக்காது, எக்செல் திறக்காது. ஃபைல் பெயரின் கடைசியில் புதிதாக நான்கெழுத்து ஒட்டிக்கொள்கிறது. விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் ஷேடோ காப்பிகள் என்ற பழைய பிரதிகள் அழிக்கப்படுகின்றன. பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் திறக்காதபடி, தளங்களின் முகவரியைக் கணினி தேடிப் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலும் மாற்றப்படுகிறது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் 490 போதும்.

தடுப்பு மென்பொருளை எடைபோடும் எவரும் இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். பெட்டியில் ‘100 சதவீதப் பாதுகாப்பு’ என்று அச்சிட்டிருப்பதால் எதுவும் தெரிந்துவிடாது. தெரிய வேண்டியவை வேறு. அந்த மென்பொருளை ஆஃப் செய்வது எவ்வளவு சுலபம்? இதுவரை யாரும் பார்க்காத ஒரு ரேன்சம்வேர் ஓடத் தொடங்கினால் அதன் செயலைப் பார்த்தே நிறுத்துமா? நிறுத்துவதற்குள் எத்தனை ஃபைல் போகும்? போனவை திரும்பி வருமா? கடைசி இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத மென்பொருளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முதல் படி: எதைக் காக்கப் போகிறீர்கள்?

இதற்கு அதிக நேரம் ஆகாது. குடும்பப் போட்டோக்கள், பிள்ளைகளின் ப்ராஜெக்ட், வருமான வரிக் கணக்கு, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், சிறு வியாபாரம் இருந்தால் டேலி டேட்டா. இவை எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதைச் செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல தடுப்பு மென்பொருள்கள் சி டிரைவில் இருக்கும் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றைத்தான் தாமாகக் காவலில் எடுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் முக்கியமானதெல்லாம் டி டிரைவில், ‘நியூ ஃபோல்டர் 3’ என்ற பெயரில் கிடக்கும். நீங்களாகச் சேர்த்தாலொழிய அதற்குக் காவல் இல்லை.

இரண்டாம் படி: கையில் இருப்பதை முதலில் பாருங்கள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. அதிலேயே ரேன்சம்வேருக்கென்று ஒரு பூட்டு இருக்கிறது, பெயர் ‘கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்’. 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இது உண்டு. ஆனால் ஆஃப் நிலையில்தான் வருகிறது. அதனால் பல வீடுகளில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷனுக்குள் போங்கள். கீழே ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன் இருக்கும். அங்கே அதை ஆன் செய்துவிட்டு, காக்க வேண்டிய ஃபோல்டர் பட்டியலில் உங்கள் தாளில் எழுதியவற்றைச் சேருங்கள். இனி நம்பகமானது என்று டிஃபெண்டர் ஏற்காத எந்தப் புரோகிராமும் அந்த ஃபோல்டர்களில் உள்ள ஃபைல்களை மாற்ற முடியாது. படிக்க முடியும், எழுத முடியாது.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பாதுகாப்பான வழி உண்டு. பவர்ஷெல் போன்ற ஸ்கிரிப்ட் ஓட்டும் கருவிகளை இந்தப் பூட்டு நம்புவதில்லை. பவர்ஷெல்லைத் திறந்து, டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் ஒரு வெற்று டெக்ஸ்ட் ஃபைலை உருவாக்கக் கட்டளை கொடுங்கள். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்து, திரையின் வலது மூலையில் ‘அனுமதியில்லாத மாற்றம் தடுக்கப்பட்டது’ என்ற பொருளில் அறிவிப்பும் வந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியிலும் அது பதிவாகியிருக்கும். எந்த அறிவிப்பும் இல்லாமல் ஃபைல் உருவாகிவிட்டால் அமைப்பை மறுபடி பாருங்கள்.

இதன் தொந்தரவையும் சொல்லிவிட வேண்டும். பழைய கேம்கள், ஸ்கேனரோடு வந்த மென்பொருள், அதிகம் பேர் பயன்படுத்தாத சிறு கருவிகள் ஆகியவற்றையும் இது தடுக்கும். ஒவ்வொன்றாக ‘அனுமதி’ பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். முதல் ஒரு வாரம் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும். எரிச்சலில் மொத்தமாக ஆஃப் செய்துவிடாதீர்கள்.

இன்னொரு அமைப்பு ‘டேம்பர் புரொடெக்‌ஷன்’. வைரஸே டிஃபெண்டரை ஆஃப் செய்துவிடாமல் தடுப்பது இதுதான். ஆன் நிலையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கே வாங்குபவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. வேறொரு ஆன்டிவைரஸை இன்ஸ்டால் செய்தால் டிஃபெண்டரின் நிகழ்நேரக் காவல் ஒதுங்கிக்கொள்ளும், கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸும் அதோடு போய்விடும். எனவே புதிதாக வாங்குவது இதற்கு நிகரான ஃபோல்டர் பூட்டையாவது தர வேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்துக் காவலைக் குறைத்துக்கொண்டதாகத்தான் ஆகும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டம் ஓராண்டுக்கு இருக்கிறது, அதில் சேருங்கள் அல்லது விண்டோஸ் 11க்கு மாறுங்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகைச் சுற்றி வந்தபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டிருந்த கணினிக்குள் அந்த ஓட்டை வழியாக நெட்வொர்க்கிலிருந்து அதனால் நுழைய முடியவில்லை. அப்டேட் நின்றுபோன கணினியில் எந்தத் தடுப்பு மென்பொருளும் பாதி வேலைதான் செய்யும்.

மூன்றாம் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

‘ஆன்டி ரேன்சம்வேர்’ என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு வேலைகள் விற்கப்படுகின்றன. நீங்கள் பார்க்கும் மென்பொருளில் எவை இருக்கின்றன என்று தேடுங்கள். நிறுவனத்தின் தளத்தில் உதவிப் பக்கங்களைப் படித்தால் தெரியும். விளம்பரப் பக்கத்தில் தெரியாது.

அடையாளம் பார்த்துப் பிடிப்பது பழைய முறை. ஏற்கெனவே பிடிபட்ட ரேன்சம்வேரின் கைரேகையை வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். எல்லா ஆன்டிவைரஸிலும் இருக்கிறது. டிஜேவியூ போன்ற குடும்பங்கள் அடிக்கடி உருவை மாற்றி வந்ததால் இதை மட்டும் நம்பியவர்கள் ஏமாந்தார்கள்.

நடத்தையைப் பார்த்துப் பிடிப்பது இரண்டாவது. ஒரு புரோகிராம் சிறிது நேரத்தில் நூற்றுக்கணக்கான ஃபைல்களைத் திறந்து, உள்ளே இருப்பதைக் குழப்பமான எழுத்துகளாக மாற்றி, பெயரையும் மாற்றினால் அது இயல்பான வேலை இல்லை. ஷேடோ காப்பிகளை அழிக்கும் கட்டளை வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சில மென்பொருள்கள் உங்கள் ஃபோல்டர்களுக்குள் தூண்டில் ஃபைல்களை மறைத்து வைக்கும். நீங்கள் தொடவே தொடாத ஃபைலை ஏதாவது புரோகிராம் மாற்றினால் உடனே அதை நிறுத்திவிடும். இது நல்ல உத்தி. ஆனால் சந்தேகம் வருவதற்கே சில ஃபைல்கள் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது ஃபோல்டர் பூட்டு, டிஃபெண்டரில் பார்த்தோமே அதுதான்.

நான்காவதுதான் என் கணக்கில் காசு கொடுக்கத் தகுந்தது: மீட்பு. சந்தேகத்துக்குரிய ஒரு புரோகிராம் ஃபைலை மாற்றத் தொடங்கும்போதே பழைய பிரதியைத் தனியாக எடுத்து வைத்து, அது ரேன்சம்வேர் என்று முடிவானதும் புரோகிராமை நிறுத்தி, பழைய பிரதியை இடத்தில் திரும்ப வைப்பது. பிட்டிஃபெண்டர், காஸ்பர்ஸ்கை, அக்ரோனிஸ் ஆகியவற்றில் இந்த வசதி வெவ்வேறு பெயர்களில் உண்டு. இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸின் ஷேடோ காப்பியை நம்பித்தான் மீட்கிறதா, தனக்கென்று பாதுகாப்பான இடம் வைத்திருக்கிறதா? ஷேடோ காப்பியைத்தான் ரேன்சம்வேர் முதலில் அழிக்கும். எவ்வளவு பெரிய ஃபைல் வரை மீட்கும்? போட்டோவுக்குப் போதுமான அளவு, கல்யாண வீடியோவுக்குப் போதாமல் போகலாம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் நெட்வொர்க் டிரைவிலும் உள்ள ஃபைல்களையும் மீட்குமா? இன்ஸ்டால் செய்தவுடன் தானாக ஆன் ஆகிறதா, நாம்தான் தேடிப்போய் ஆன் செய்ய வேண்டுமா? உதவி மையத்துக்கு மெயில் அனுப்பிக் கேளுங்கள். வரும் பதிலும், வர ஆகும் நேரமும் அந்த நிறுவனத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

ஃபோல்டர் பூட்டோ மீட்போ திருட்டைத் தடுப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டிஜேவியூவின் சில வகைகள் பாஸ்வேர்டு திருடும் அசோரல்ட் என்ற நிரலையும் சேர்த்தே இறக்கின. ஃபைல்கள் மீண்டாலும் பாஸ்வேர்டுகள் போயிருக்கும்.

நான்காம் படி: சோதனைக்கூட முடிவுகளைப் படிக்கும் விதம்

ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் ஏவி டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் ஏவி கம்பேரடிவ்ஸ், லண்டனில் எஸ்.இ. லேப்ஸ். ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் இந்த மூன்று கூடங்களும் தங்கள் முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ‘2025இன் தலைசிறந்த 10’ என்று பட்டியல் போடும் தளங்களில் பல, நீங்கள் இணைப்பைத் தட்டி வாங்கினால் கமிஷன் பெறுகின்றன. அவற்றை விட்டுவிட்டு நேரே சோதனைக்கூடங்களுக்குப் போங்கள்.

ஏவி டெஸ்டின் வழக்கமான சான்றிதழில் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என மூன்றுக்கும் தலா 6, மொத்தம் 18 புள்ளிகள். முன்னணி மென்பொருள்கள் பலவும் 17.5, 18 என்று வாங்கிவிடுவதால் அதை வைத்துத் தேர்ந்தெடுப்பது கடினம். அதே கூடம் ‘அட்வான்ஸ்டு த்ரெட் புரொடெக்‌ஷன்’ என்று வேறொரு சோதனை நடத்துகிறது. அதில் ரேன்சம்வேரையும் தகவல் திருடிகளையும் உண்மையாகவே ஓடவிட்டு, எந்தக் கட்டத்தில் தடுக்கப்பட்டது, எவ்வளவு ஃபைல்கள் பூட்டப்பட்டன என்று படிப்படியாகப் பதிவு செய்கிறார்கள். நமக்கு வேண்டிய அறிக்கை அதுதான்.

ஏவி கம்பேரடிவ்ஸின் மால்வேர் சோதனையில் இணையம் இல்லாதபோது எவ்வளவு கண்டுபிடித்தது, இருக்கும்போது எவ்வளவு என்று இரண்டு எண்கள் தனித்தனியாக இருக்கும். இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் ஊரில் இருப்பவர்கள் முதல் எண்ணைக் கவனியுங்கள். பென்டிரைவ் வழியாக வருவதைப் பிடிக்க அந்த எண்தான் உதவும். தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். நல்ல ஃபைலையெல்லாம் வைரஸ் என்று கத்தும் மென்பொருளை வீட்டில் யாராவது ஒருநாள் ஆஃப் செய்துவிடுவார்கள். ஒரே அறிக்கையை வைத்து முடிவு செய்யாமல், ஒன்றிரண்டு ஆண்டுகளில் நிலையாக மேலே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: டிரையலில் போட்டுப் பாருங்கள்

பெரும்பாலானவை 30 நாள் இலவசமாகக் கிடைக்கும். இந்த நாட்களில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. தொடங்கும் முன் முக்கிய ஃபைல்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி வைத்துவிடுங்கள்.

யூடியூபில் சிலர் உண்மையான ரேன்சம்வேரைத் தனிமைப்படுத்திய மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி) ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். அதைப் பாருங்கள், பயனுள்ளது. வீட்டில் செய்யாதீர்கள். மெய்நிகர் கணினியோடு ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்திருந்தாலே போதும், வெளியே இருக்கும் ஃபைல்களும் போய்விடும்.

முதலில் ஐகார் சோதனை ஃபைல். 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத ஃபைல் அது. எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. காவல் விழித்திருக்கிறதா என்பதை மட்டும்தான் இது காட்டும்.

அடுத்து, நோபிஃபோர் நிறுவனம் இலவசமாகத் தரும் ரேன்சிம் என்ற சோதனைக் கருவி. பல வகை ரேன்சம்வேரின் நடத்தையை, தானே உருவாக்கும் மாதிரி ஃபைல்கள் மேல் நடித்துக் காட்டும். உங்கள் ஃபைல்களைத் தொடாது. ஆனால் இதன் மதிப்பெண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் சொந்த ஃபோல்டர்களை மட்டும் காக்கும் மென்பொருள் இதில் தோற்றது போலத் தெரியும், உண்மையில் அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கலாம். ரேன்சிமையே ஆபத்தானது என்று இன்ஸ்டால் ஆகவிடாமல் தடுக்கும் மென்பொருள்களும் உண்டு. அது தோல்வி இல்லை.

ஃபோல்டர் பூட்டு இருந்தால் முன்பு சொன்ன பவர்ஷெல் சோதனையை இங்கும் செய்யுங்கள். அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். எந்தப் புரோகிராம், எந்த ஃபைலை மாற்றப் பார்த்தது என்று தெளிவாகச் சொல்கிறதா? ஆங்கிலம் அதிகம் தெரியாத அம்மாவோ அப்பாவோ அந்தக் கணினியின் முன் இருந்தால், எந்தப் பட்டனை அழுத்துவார்கள்? கேள்வி கேட்காமல் முதலில் தடுத்துவிட்டு, பிறகு அனுமதி கேட்கும் மென்பொருளே வீட்டுக்குச் சரி.

இப்போது மிக முக்கியமான சோதனை. மென்பொருளை ஆஃப் செய்து பாருங்கள். டாஸ்க்பார் ஐகானில் ரைட் கிளிக் செய்து இரண்டே கிளிக்கில் ஆஃப் ஆகிறதா? அப்படியென்றால் கிராக் போட நினைக்கும் பிள்ளையும் அதையேதான் செய்யும். ஆஃப் செய்யவும், விலக்குப் பட்டியலில் ஃபோல்டர் சேர்க்கவும், அன்இன்ஸ்டால் செய்யவும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமைக்க முடிய வேண்டும். டாஸ்க் மேனேஜரிலிருந்து அதன் புராசஸை முடித்துப் பாருங்கள், மறுக்க வேண்டும். இந்தச் சோதனையில் தோற்றால் மற்றவற்றில் எவ்வளவு ஜெயித்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி விண்டோஸ் கணக்கு போட்டுக் கொடுப்பதையும் இதோடு சேர்த்துச் செய்துவிடுங்கள்.

வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு போதும். போட்டோக்கள் நிறைந்த ஒரு பெரிய ஃபோல்டரை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் காப்பி செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று இன்ஸ்டால் செய்யும் முன்பும் பின்பும் பாருங்கள். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆறாம் படி: நிறுவனமும் விலையும்

காவல் காக்கும் மென்பொருள் உங்கள் கணினியில் எல்லாவற்றையும் பார்க்கும். அதனால் அதை விற்பவர் யார் என்பது முக்கியம். அவாஸ்ட் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. அதே ஆண்டில் காஸ்பர்ஸ்கை மென்பொருளை விற்க அமெரிக்க அரசு தடை விதித்தது. அங்குள்ளவர்களுக்கு செப்டம்பர் இறுதியோடு அப்டேட்டும் நின்றது. தகவல் கொள்கையைப் படியுங்கள், ‘மேம்படுத்த உதவுங்கள்’ என்று ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருப்பவற்றை எடுத்துவிடுங்கள்.

விலையில் முதல் ஆண்டுத் தள்ளுபடியைப் பார்க்காமல், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் ஆட்டோ ரினியூவலை வாங்கிய அன்றே நிறுத்திவிடலாம். விபிஎன், பாஸ்வேர்டு மேனேஜர், கணினியைச் சுத்தம் செய்யும் கருவி என்று கூட்டிக் கட்டிய பெரிய பேக்கேஜ்களுக்கு மயங்க வேண்டாம். மீட்பு வசதி கீழ்நிலைப் பேக்கேஜிலேயே இருந்தால் அதுவே போதும்.

வாங்கத்தான் வேண்டுமா? கிராக் பக்கம் போகாத, விண்டோஸ் அப்டேட் தவறாமல் போடுகிற, ஒருவரே பயன்படுத்தும் கணினிக்கு, பூட்டு ஆன் செய்த டிஃபெண்டரும் ஒரு பேக்கப் டிஸ்க்கும் போதும் என்பது என் கருத்து. பலர் தொடும் கணினி, பென்டிரைவ் வந்து போகும் கணினி, அதிலேயே வியாபாரக் கணக்கும் இருக்கிறது என்றால் மீட்பு வசதி உள்ள ஒன்றை வாங்குங்கள்.

பேக்கப்: எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும்

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. 3-2-1 என்று சொல்வார்கள். வீட்டில் சாதாரணமாக நடக்கும் தவறு பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருப்பது. அது சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போல. கணினிக்குத் தெரியும் எந்த டிரைவும் ரேன்சம்வேருக்கும் தெரியும். வாரம் ஒருமுறை செருகி, காப்பி முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

கூகுள் டிரைவும் ஒன்டிரைவும் கணினியோடு ஒத்திசைந்து இயங்குபவை. இங்கே பூட்டப்பட்ட ஃபைல் அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருக்கும் வசதி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாட்களில் ஏதாவது ஒரு நேரத்தில் இருந்த நிலைக்குத் திருப்ப முடியும். இப்போதே ஒரு ஃபைலை எடுத்துப் பழைய பதிப்பை மீட்டுப் பாருங்கள். எந்த மெனுவில் இருக்கிறது என்று முதல்முறை தேடும் நாள், ஃபைல்கள் பூட்டப்பட்ட நாளாக இருக்கக் கூடாது.

இதையும் மீறி மாட்டிக்கொண்டால்

வைஃபையை நிறுத்துங்கள், செருகியிருக்கும் டிஸ்க், பென்டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். ஃபைல்கள் இன்னும் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுவது கண்ணுக்குத் தெரிந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து மெயில், வங்கிக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1930 எண்ணுக்கு அழைத்தோ, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ பதிவு செய்யலாம். பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் சாவி கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

டச்சுக் காவல்துறையும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில், பூட்டப்பட்ட ஒரு ஃபைலையும் மிரட்டல் குறிப்பையும் ஏற்றினால் எந்தக் குடும்பம் என்று சொல்லும், சாவி இருந்தால் இலவசமாகத் தரும். டிஜேவியூவின் 148 வகைகளுக்கு எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019 அக்டோபரில் இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. அதற்குப் பின் வந்த வகைகளில், தாக்கிய நேரத்தில் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல், பலருக்கும் பொதுவான ‘ஆஃப்லைன்’ சாவியைப் பயன்படுத்தியிருந்தால் மட்டுமே வாய்ப்பு உண்டு.

இன்று சாவி இல்லையென்றாலும் பூட்டப்பட்ட ஃபைல்களை அழிக்காதீர்கள். டெஸ்லாகிரிப்ட் கும்பல் 2016 மே மாதம் தன் முதன்மைச் சாவியைத் தானே வெளியிட்டது. ஷேட் கும்பல் 2020 ஏப்ரலில் ஏழரை லட்சம் சாவிகளை வெளியிட்டது. அந்த ஃபைல்களை மிரட்டல் குறிப்போடு சேர்த்து ஒரு பழைய டிஸ்க்கில் காப்பி செய்து, மேலே தேதியை எழுதி எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தத் தளத்தில் போய்ப் பாருங்கள்.